ஆன்டிபாடி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சீராலஜி பிரிவில் வேலை பார்க்கிறேன். வரும் ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நிற சீரத்தை எடுத்து, அதில் எந்த ஆன்டிபாடி (கிருமி போன்றவற்றுக்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்பொருள்) இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பாசிட்டிவ்னு போட்டிருக்கே, நல்லதா கெட்டதா?"

அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவருக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தால் ஊசி வேலை செய்திருக்கிறது. ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தால் தாமதிக்காமல் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு ரூபெல்லா ஐஜிஜி (ரூபெல்லா வைரஸுக்கு எதிரான ஒரு வகை ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்றால் நிம்மதி. அதே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆன்டிபாடி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு, ரத்தம் எடுத்த தேதி தெரிய வேண்டும். சிகிச்சையை முடிவு செய்பவர் மருத்துவர்தான். ஆனால் அவர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வியோடு உட்காரலாம் இல்லையா?

முதலில் ஒரு படம் போடுங்கள்

ஒரு காகிதத்தில் ஆங்கில ஒய் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். ஒற்றைக் கோடாக வேண்டாம், இரட்டைக் கோடாக. ஒரு நீளமான சங்கிலி தண்டின் அடியில் தொடங்கி மேலே ஏறி இடது கைக்குள் போகிறது. அதே போன்ற இன்னொன்று வலது கைக்குள் போகிறது. இந்த இரண்டும் கனமான சங்கிலிகள். இனி ஒவ்வொரு கைக்கும் வெளிப்பக்கமாக ஒரு குட்டைக் கோடு போடுங்கள். அவை இலேசான சங்கிலிகள். மொத்தம் நான்கு புரதச் சங்கிலிகள். கந்தக அணுக்கள் சேர்ந்த பிணைப்புகள் இவற்றைக் கட்டி வைத்திருக்கின்றன. சாதாரண ஐஜிஜி ஆன்டிபாடி ஒன்றின் எடை சுமார் 150 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). கனமான சங்கிலி ஒவ்வொன்றும் சுமார் 50, இலேசானது சுமார் 25.

இந்தப் படம் யாரோ கற்பனையில் வரைந்ததல்ல. 1959இல் ரோட்னி போர்ட்டர் பப்பாயின் என்ற என்சைமால் ஆன்டிபாடியை வெட்டிப் பார்த்தார். மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு துண்டுகள் ஒரே மாதிரி இருந்தன, இரண்டும் ஆன்டிஜெனை, அதாவது ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும் இலக்குப் பொருளைப் பிடித்தன. மூன்றாவது எதையும் பிடிக்கவில்லை, ஆனால் எளிதில் படிகமானது. ஜெரால்ட் எடல்மன் வேறு வழியில் போய், பிணைப்புகளை உடைத்து, கனமான சங்கிலியையும் இலேசான சங்கிலியையும் தனித்தனியாகப் பிரித்தார். இருவருக்கும் 1972இல் நோபல் பரிசு சேர்ந்து கிடைத்தது.

படத்தில் இரண்டு கைகளின் நுனியையும் நிழல் அடித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு நுனியிலும் கனமான சங்கிலியிலிருந்து மூன்று வளையங்கள், இலேசான சங்கிலியிலிருந்து மூன்று வளையங்கள், ஆக ஆறு புரத வளையங்கள் சேர்ந்து ஒரு பள்ளத்தையோ தளத்தையோ உண்டாக்குகின்றன. வைரஸின் மேற்புரதத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் பொருந்தினால் ஒட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான விதமான நுனிகளை உடல் எப்படிச் செய்கிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுவான பி செல் வளரும்போது தன் மரபணுத் துண்டுகளையே வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டிக்கொள்கிறது என்று சுசுமு டொனேகாவா காட்டினார். 1987இன் நோபல் பரிசு அதற்குத்தான். ஒரு பி செல் ஒரே விதமான நுனியைத்தான் செய்யும். அந்த நுனிக்குப் பொருந்தும் கிருமி வந்தால், அந்தச் செல் பெருகும். அதன் வாரிசுகளில் சில பிளாஸ்மா செல்லாக மாறி ஆன்டிபாடியைக் கொட்டும். சில நினைவுச் செல்லாகத் தங்கிவிடும்.

இப்போது படத்தின் மேல்பக்கத்தில் "எதை எதிர்த்து?" என்று எழுதுங்கள். கீழே தண்டுக்குப் பக்கத்தில் "எந்த வகை?" என்று எழுதுங்கள். ரிப்போர்ட்டில் "ரூபெல்லா ஐஜிஜி" என்று இருந்தால் ரூபெல்லா மேலே போகும், ஐஜிஜி கீழே போகும். எந்த ஆன்டிபாடி ரிப்போர்ட்டையும் இப்படிப் பிரித்து எழுதிவிட்டுத்தான் நான் யோசிக்கத் தொடங்குவேன்.

பரிசோதனையே இந்த இரண்டு முனைகளை வைத்துத்தான் நடக்கிறது. எலைசா என்ற பரிசோதனைக்கான தட்டின் குழிகளில் வைரஸின் புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். உங்கள் சீரத்தை ஊற்றினால், பொருந்தும் ஆன்டிபாடி தன் நுனியால் அதைப் பிடித்துக்கொள்ளும். கழுவினால் மற்றவை போய்விடும். பிறகு, மனித ஐஜிஜியின் தண்டை மட்டும் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றுவோம். அதோடு ஒரு என்சைம் ஒட்டியிருக்கும். அது நிறம் கொடுக்கும் திரவத்தை மாற்றும்போது குழி நிறம் மாறும். ஐஜிஎம் வேண்டுமென்றால் ஐஜிஎம்மின் தண்டைப் பிடிப்பதைப் போடுவோம். ஆக, ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கும் கருவியும் ஆன்டிபாடிதான். 1971இல் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட இந்த முறை இன்றும் எங்கள் கூடத்தின் முதுகெலும்பு.

ஆன்டிஜெனா, ஆன்டிபாடியா?

மேலே, கீழே என்று பிரிப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். ரிப்போர்ட் தேடியது கிருமியின் பாகத்தையா, அதற்கு உடல் செய்த எதிர்ப்பொருளையா? நான் பார்த்த குழப்பங்களில் மிக மோசமானது இங்கேதான் நடக்கிறது.

டெங்கு என்எஸ்1 என்பது வைரஸ் வெளியிடும் புரதம். அது ஆன்டிஜென். டெங்கு ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் ஆன்டிபாடி. ஹெபடைடிஸ் பியில் பெயர்கள் இன்னும் நெருக்கமாக இருக்கும். எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம், அதாவது ஆன்டிஜென். அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் உடலில் இருக்கிறது. ஆன்டி எச்பிஎஸ் என்பது அந்த மேலுறைக்கு எதிரான ஆன்டிபாடி. அது பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு. இரண்டு வரிகளும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், பொருள் நேர் எதிர்.

இதோடு ஆன்டி எச்பிசி என்ற மூன்றாவது வரியையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழுக் கதை கிடைக்கும். இது வைரஸின் உள்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி. தடுப்பூசியில் மேலுறைப் புரதம் மட்டும்தான் இருக்கிறது, உள்கருப் புரதம் இல்லை. ஆகவே ஆன்டி எச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ் என்றால் அது ஊசியால் வந்தது. ஆன்டி எச்பிஎஸ், ஆன்டி எச்பிசி இரண்டும் பாசிட்டிவ், எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்றால் எப்போதோ நோய் வந்து ஆறியிருக்கிறது. எச்பிஎஸ்ஏஜி மறைந்து, ஆன்டி எச்பிஎஸ் இன்னும் தலைகாட்டாத ஓர் இடைவெளி உண்டு. அப்போது ஆன்டி எச்பிசி ஐஜிஎம் மட்டுமே துப்பு கொடுக்கும்.

நுனி எந்தப் பகுதியைப் பிடிக்கிறது?

கிருமியின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி என்று ரிப்போர்ட்டிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். கோவிட் ஆன்டிபாடியில் ஸ்பைக் புரதம் என்று ஒன்று, நியூக்ளியோகேப்சிட் என்று இன்னொன்று. ஸ்பைக்கை மட்டும் வைத்துச் செய்த தடுப்பூசி போட்டவருக்கு ஸ்பைக் ஆன்டிபாடிதான் வரும். அவருக்கு நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடியும் இருந்தால் தொற்றும் வந்துபோயிருக்கிறது. முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி போட்டவருக்கு இரண்டுமே வரலாம், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

நெருங்கிய உறவுள்ள வைரஸ்களின் புரதங்கள் ஒன்றுக்கொன்று ஜாடை ஒத்திருக்கும். டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்கள் ஒரே குடும்பம். ஒன்றுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி இன்னொன்றின் பரிசோதனையில் ஒட்டிக்கொண்டு லேசான பாசிட்டிவ் காட்டும். இந்தக் குடும்பத்தில் பலவீனமான பாசிட்டிவ் வந்தால், முன்பு வந்த காய்ச்சல்களையும் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி தண்டு: ஐந்து வகைகள்

கனமான சங்கிலியின் அடிப்பகுதி ஐந்து விதமாக அமையும். அதனால் ஐஜிஎம், ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஇ, ஐஜிடி என்று ஐந்து வகைகள். ஒரே பி செல் நுனியை மாற்றாமல் தண்டை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். முதலில் ஐஜிஎம் செய்த செல் பிற்பாடு ஐஜிஜிக்கு மாறுவது இப்படித்தான்.

ஐஜிஎம்தான் முதலில் வருவது. ரத்தத்தில் ஐந்து ஒய்கள் ஜே சங்கிலி என்ற சிறு புரதத்தின் துணையோடு வட்டமாகச் சேர்ந்து மிதக்கும். எடை 900 கிலோடால்டனுக்கு மேல், பிடிக்க பத்து நுனிகள். தொடக்க காலத்து நுனி என்பதால் ஒவ்வொன்றின் பிடியும் தனியாகப் பார்த்தால் தளர்வுதான். ஆனால் பத்தும் சேர்ந்து பிடிக்கும்போது வெல்க்ரோ பட்டை போல விடாது. இதன் பலனை ரத்த வகை பார்க்கும் தகட்டில் நேரிலேயே பார்க்கலாம். 1901இல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் விவரித்த ஏ, பி, ஓ ரத்த வகைகளில் காணும் இயற்கை ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஐஜிஎம். ஒரு சொட்டு கலந்த சில நொடிகளில் சிவப்பணுக்கள் திரளும். ஆர்எச் வகைக்கு எதிரான ஐஜிஜி அப்படித் திரளச் செய்யாது. அது சிறியது, ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்கு அதன் கை எட்டாது. எனவே ஐஜிஜியின் தண்டுகளைப் பிடித்து இணைக்கும் ஆன்டி ஹியூமன் குளோபுலினைச் சேர்க்க வேண்டும். 1945இல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் வெளியிட்ட அந்தப் பரிசோதனையைத்தான் கர்ப்பிணிகளின் ரிப்போர்ட்டில் ஐசிடி (மறைமுக கூம்ஸ் பரிசோதனை) என்று பார்க்கிறீர்கள்.

ஐஜிஎம் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஆகவே பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஒரு கிருமிக்கு எதிரான ஐஜிஎம் இருந்தால் அது குழந்தை தானே செய்தது. கருவிலேயே தொற்று ஏற்பட்டிருக்கிறது என்பதற்கு அது வலுவான அடையாளம்.

ஐஜிஜி நேர்மாறு. ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிகளில் முக்கால்வாசி இதுதான். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 700 முதல் 1600 மில்லிகிராம் இருக்கும். நான்கு துணை வகைகள் உண்டு. இதன் தண்டைப் பிடித்துக்கொள்ளும் ஓர் ஏற்பி நஞ்சுக்கொடியில் இருக்கிறது, அது தாயின் ஐஜிஜியைக் குழந்தைக்குக் கடத்துகிறது. கடைசி மூன்று மாதங்களில்தான் இது அதிகம் நடக்கும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் தாயின் அளவுக்கோ அதற்குச் சற்று மேலாகவோ ஐஜிஜி இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சேமிப்பு குறைவு. அதே ஏற்பி பெரியவர்களின் உடலிலும் ஐஜிஜியைச் சிதையவிடாமல் மீட்டெடுத்து ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் ஐஜிஜி பாதியாகக் குறைய சுமார் 21 நாட்கள் ஆகிறது. ஐஜிஎம்முக்கு ஐந்து நாட்கள்தான்.

குழந்தைகளின் ரிப்போர்ட்டில் இதை மறக்கவே கூடாது. எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தால் அது தாயின் ஐஜிஜியாக இருக்கலாம். 18 மாதம் வரைகூட அது தங்கியிருக்கும். அதுவரை ஆன்டிபாடி பரிசோதனையை வைத்துக் குழந்தைக்கு எச்ஐவி என்று சொல்ல முடியாது. வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும். இது தெரியாமல் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐஜிஜி, ஐஜிஎம் என்ன வேலை செய்கின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுனி கிருமியை மூடிக்கொண்டு அது செல்லுக்குள் நுழையாமல் தடுக்கலாம். நச்சுப் பொருளைச் செயலிழக்கச் செய்யலாம். இதற்கு நுனியே போதும். மற்ற வேலைகளுக்குத் தண்டு வேண்டும். கிருமியின் மேல் ஐஜிஜி ஒட்டியிருந்தால், விழுங்கும் செல்கள் வெளியே நீட்டி நிற்கும் தண்டைப் பிடித்துக் கிருமியை உள்ளிழுத்துக்கொள்ளும். தொற்று ஏறிய செல்லின் மேல் ஒட்டியிருந்தால், இயற்கைக் கொல்லிச் செல்கள் தண்டை அடையாளம் கண்டு அந்தச் செல்லைக் கொல்லும். ரத்தத்தில் சுற்றும் கம்ப்ளிமென்ட் புரதங்களும் தண்டில்தான் வந்து சேரும். சேர்ந்தபின் ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் பாக்டீரியாவின் சவ்வில் துளை போடும். இதைத் தொடங்க ஒட்டிய ஐஜிஎம் ஒன்றே போதும். ஐஜிஜி என்றால் பல அருகருகே இருக்க வேண்டும்.

ஐஜிஏ மூக்கு, குடல், நுரையீரல் பாதைகளின் சளிப்படலத்தில் இருக்கும், தாய்ப்பாலில் நிறைய இருக்கும். அங்கே இரண்டிரண்டாக இணைந்து, செரிமான என்சைம்கள் எளிதில் சிதைக்காதபடி ஒரு புரதப் போர்வையும் போர்த்தியிருக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கு டிடிஜி ஐஜிஏ (டிடிஜி என்ற உடலின் புரதத்துக்கு எதிரான ஐஜிஏ) பார்ப்பார்கள். அது நெகட்டிவ் வந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். மொத்த ஐஜிஏ எவ்வளவு என்று பாருங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ உற்பத்தி மிகக் குறைவு, அவர்களுக்கு நோய் இருந்தாலும் இந்தப் பரிசோதனை நெகட்டிவ்தான் காட்டும். பரிசோதனைக்கு முன்பே குளூட்டன் உள்ள உணவை நிறுத்திவிட்டாலும் இதே கதைதான்.

ஐஜிஇ ரத்தத்தில் மிக மிகக் கொஞ்சம். ஒவ்வாமையைத் தூண்டும் மாஸ்ட் செல்களின் மேல் தண்டால் அமர்ந்து காத்திருக்கும். பொருந்தும் பொருள் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇகளை இணைத்ததும் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு எதிராகவும் இது உயரும், ஆகவே மொத்த ஐஜிஇ அதிகம் என்றதும் ஒவ்வாமை என்று முடிவு கட்ட முடியாது. ஒரு குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ பாசிட்டிவ் என்றால் உடல் அதற்குத் தயாராகியிருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சாப்பிட்டபோது உண்மையில் தொந்தரவு வந்ததா என்பதுதான் முக்கியம்.

நூறு உணவுகளுக்கு ஐஜிஜி பார்த்து "இவையெல்லாம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று பட்டியல் கொடுக்கும் பேக்கேஜ்கள் பற்றி என் கருத்தைக் கேட்டால், தயவுசெய்து அதில் பணம் போடாதீர்கள். ஓர் உணவை அடிக்கடி சாப்பிடுகிறவருக்கு அதற்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. ஒவ்வாமை நிபுணர்களின் சங்கங்கள் இதை வைத்து உணவை ஒதுக்கக் கூடாது என்றே சொல்கின்றன. வளரும் குழந்தையின் தட்டிலிருந்து பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் இதை நம்பி எடுத்துவிடும் பெற்றோரைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

ஐஜிடி பெரும்பாலும் பி செல்லின் மேலேயே இருப்பது. வழக்கமான ரிப்போர்ட்டில் வராது.

ரத்தம் எந்த நாளில் எடுத்தது?

ரிப்போர்ட் அச்சான தேதியைப் பார்க்காதீர்கள். மாதிரி எடுத்த தேதியைப் பாருங்கள். அப்புறம் அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

டெங்குவில் என்எஸ்1 முதல் நாளிலிருந்தே தெரியும். ஐஜிஎம் நாலாம் ஐந்தாம் நாள் வாக்கில்தான் தெரியத் தொடங்கும். காய்ச்சலின் இரண்டாம் நாளில் எடுத்த ரத்தத்தில் ஐஜிஎம் நெகட்டிவ் வந்தால் அது டெங்கு இல்லை என்பதற்கு ஆதாரமே அல்ல. இரண்டாம் முறை டெங்கு வருகிறவருக்கோ நினைவுச் செல்கள் முந்திக்கொள்ளும். தொடக்கத்திலேயே ஐஜிஜி வேகமாக ஏறும், ஐஜிஎம் குறைவாகவோ இல்லாமலோ போகலாம். "ஐஜிஜி தானே, பழசு" என்று காய்ச்சல் நேரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாம் முறை வரும் டெங்குதான் தீவிரமாகும் அபாயம் கூடியது.

எச்ஐவிக்கு ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் பரிசோதனை, தொற்றுக்குப் பின் 90 நாள் வரை தவறவிடலாம். ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகப் பரிசோதனை பெரும்பாலும் 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டிவிடும். சந்தேகம் உள்ளவர் சீக்கிரமே வந்து நெகட்டிவ் வாங்கிக்கொண்டு போய்விட்டால் போதாது, இடைவெளி முடிந்ததும் மறுபடி வர வேண்டும்.

ஐஜிஎம் என்றால் புதிய தொற்று, ஐஜிஜி என்றால் பழைய தொற்று என்ற பாடம் பாதிதான் சரி. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு எதிரான ஐஜிஎம் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கும். கர்ப்பிணிக்கு ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் பாசிட்டிவ் வந்தால் ஐஜிஜி அவிடிட்டி, அதாவது பிடியின் இறுக்கத்தை அளக்கும் பரிசோதனை கேட்கலாம். தொற்றுக்குப் பின் பி செல்கள் தங்கள் நுனியின் மரபணுவில் சிறுசிறு மாற்றங்கள் செய்து, இறுக்கமாகப் பிடிப்பவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகும். ஆகவே பிடி இறுக்கமாக இருந்தால் தொற்று ஏற்பட்டுச் சில மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் எடுத்த ரத்தத்தில் அவிடிட்டி உயர்வாக இருந்தால், தொற்று கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிடி தளர்வாக இருப்பது மட்டும் புதிய தொற்று என்று நிரூபிக்காது, சிலருக்கு அது நீண்ட நாள் தளர்வாகவே இருக்கும்.

எண்ணைப் படிப்பது

1:80, 1:160 என்று இருந்தால் அது டைட்டர். சீரத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குழாய் வரை வினை தெரிகிறது என்று பார்க்கிறோம். ஒரு குழாய் முன்பின் வருவது கைவேலையிலேயே சகஜம். ஆகவே 1:80 அடுத்த முறை 1:160 ஆனால் ஏறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இரண்டு வாரம் இடைவெளி விட்டு எடுத்த இரண்டாவது மாதிரியில் நான்கு மடங்கு, அதாவது 1:80 என்பது 1:320 ஆனால்தான் அர்த்தம் உண்டு. டைஃபாய்டுக்கு வைடால் என்ற டைட்டர் பரிசோதனையை ஒரே ஒருமுறை பார்த்து முடிவு செய்வதை நான் ஆதரிப்பதில்லை. ரத்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்க வாய்ப்பிருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்துவிடுவது நல்லது.

மற்ற ரிப்போர்ட்களில் இன்டெக்ஸ் என்றோ யூனிட் என்றோ இருக்கும். இன்டெக்ஸ் என்பது அந்தக் கருவியின் வரம்போடு ஒப்பிட்ட விகிதம் மட்டுமே. ஒரு கூடத்தில் 8, இன்னொரு கூடத்தில் 3 என்றால் ஆன்டிபாடி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தொடர்ந்து கவனிக்க வேண்டியது என்றால் ஒரே இடத்தில், ஒரே முறையில் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்குச் சர்வதேச யூனிட் உண்டு. மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட வரம்பு.

எண் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிது என்று எல்லா நோய்க்கும் சொல்ல முடியாது. எங்கள் பரிசோதனை ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கிறது. ஒட்டுகிற ஒவ்வொன்றும் கிருமியைத் தடுத்துவிடாது. எச்ஐவி உள்ளவரின் ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும், வைரஸும் இருக்கும். ஹெபடைடிஸ் சியில் மருந்தால் முழுதாகக் குணமான பின்னும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே இருக்கும். வைரஸ் இருக்கிறதா என்று தெரிய ஆர்என்ஏ பரிசோதனைதான் வழி. குணமானவர் மேல் "இன்னும் பாசிட்டிவ்" என்ற பழி விழுந்து வேலை போகும் நிலை வரக் கூடாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தன் உடலையே எதிர்க்கும் ஆன்டிபாடிகளிலும் எண் முக்கியம். ஏஎன்ஏ (செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி) 1:40 அளவில் பாசிட்டிவ் என்பது எந்த நோயும் இல்லாதவர்களில் கணிசமானோருக்கு வரும். 1:160 அளவிலேகூட ஆரோக்கியமானவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இருக்கலாம். மூட்டு வலி, தோல் மாற்றம், சிறுநீரில் புரதம் போன்ற எதுவும் இல்லாமல் ஏஎன்ஏ மட்டும் லேசாக இருந்தால் இணையத்தில் லூபஸ் (உடல் தன்னையே தாக்கும் ஒரு நோய்) என்று தேடி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

கூடத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை

ருமடாய்டு ஃபேக்டர் உங்களுக்கு உண்டென்றால் சொல்லுங்கள். அது ஐஜிஜியின் தண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடி, பெரும்பாலும் ஐஜிஎம். எலைசா குழியில் உங்கள் பழைய ஐஜிஜி ஒட்டியதும், அதன் தண்டில் இது வந்து உட்காரும். நாங்கள் ஐஜிஎம் தேடும்போது இது அகப்பட்டு, இல்லாத புதிய தொற்றைக் காட்டிவிடும். தெரிந்தால் முதலில் ஐஜிஜியை உறிஞ்சி நீக்கிவிட்டுப் பார்ப்போம்.

தலைமுடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கும். பயோட்டினைப் பிடிமானமாகப் பயன்படுத்தும் கருவிகளில் அது முடிவைத் தவறாக ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

வேறொருவர் செய்த ஆன்டிபாடி உங்கள் உடலுக்குள் வந்திருக்கிறதா என்பதும் தேவை. 1890இல் எமில் பெரிங்கும் கிட்டாசாட்டோவும், நோய்த்தடுப்பு பெற்ற விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்குச் செலுத்தி டெட்டனஸிலிருந்து காத்ததிலிருந்து இந்த மருத்துவம் தொடங்குகிறது. இன்றும் ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி டி (ஆர்எச் வகைக்கு எதிரான ஐஜிஜி) ஊசி போடுகிறார்கள், கர்ப்பத்தின்போதும் போடுவதுண்டு. அதற்குப் பிறகு எடுக்கும் ஐசிடி பாசிட்டிவ் காட்டினால் அது ஊசியில் வந்த ஐஜிஜியாக இருக்கலாம். ஊசி போட்ட தேதி படிவத்தில் இல்லாவிட்டால் அவருடைய உடலே அந்த ஆன்டிபாடியைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ள நேரும். ரத்தம் ஏற்றியது, ரத்தக் குழாய் வழியே இம்யூனோகுளோபுலின் (பிறரின் ரத்தத்திலிருந்து சேகரித்த ஆன்டிபாடி) ஏற்றியது இரண்டுக்கும் இது பொருந்தும். ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுக்கொண்ட ஓரிரு வாரங்களில் எச்பிஎஸ்ஏஜி பார்த்தால் ஊசியில் இருந்த புரதமே அகப்படக்கூடும்.

பி செல்களைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், எதிர்ப்பாற்றல் குறைவாக உள்ளவர்கள் இவர்களுக்குத் தொற்று இருந்தும் ஆன்டிபாடி வராமல் போகலாம். இவர்களுக்குக் கிருமியையே நேரடியாகத் தேடும் பரிசோதனை செய்யச் சொல்வோம்.

வீட்டில் ரேபிட் கார்டு போட்டால் சி என்ற கோட்டை முதலில் பாருங்கள். அது வராத கார்டு செல்லாது, மற்ற கோடுகள் எப்படியிருந்தாலும் சரி. குறித்த நேரத்துக்குப் பிறகு தோன்றும் மங்கலான கோட்டையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாதீர்கள், முக்கியமாக குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள். கர்ப்பத்துக்கு முன்பே ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ் என்று ஒரு தாள் இருந்தால், கர்ப்பத்தின் நடுவே எதிர்பாராமல் ஐஜிஎம் லேசாகப் பாசிட்டிவ் வரும்போது மருத்துவருக்கு அந்தத் தாள்தான் பெரிய துணை. அது இல்லாவிட்டால் அவிடிட்டி, இரண்டாவது மாதிரி என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.